மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கிறதா?

கேள்வி இதுதான்: செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தானே கீழே வருகிறது, நிற்கிற பொருளுக்கு முடுக்கம் எப்படி இருக்கும்? ஏறும்போது ஒரு சமன்பாடு, இறங்கும்போது வேறொன்று என்று போட வேண்டுமா? கணக்கைப் போட்டால் சில சமயம் ரெண்டு நேரம் வருகிறது, சில சமயம் மைனஸ் நேரம்கூட வருகிறது. எதை எடுப்பது, எதை அடிப்பது?

எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். பந்தின் பயணத்தை ஏற்றம், இறக்கம் என்று நாம் ரெண்டாக வெட்டிக்கொள்கிறோம். பந்துக்கு அப்படி ஒரு பிரிவே தெரியாது. கையை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பக் கையில் விழும்வரை அதற்கு நடப்பது ஒரே விஷயம்: ஒவ்வொரு விநாடியும் அதன் திசைவேகத்திலிருந்து 9.8 மீ/வி கழிகிறது. கணக்கு சுலபமாக இருக்கட்டும், 10 என்றே வைத்துக்கொள்வோம். மேல்நோக்கி 20 மீ/வி வேகத்தில் எறிந்தால், விநாடிக்கு விநாடி அதன் திசைவேகம் 20, 10, 0, −10, −20 (மைனஸ் என்றால் கீழ்நோக்கி).

இந்த வரிசையை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். 20லிருந்து 10க்கு வந்ததும் 10 கழிந்துதான், 0லிருந்து −10க்குப் போனதும் 10 கழிந்துதான். நடுவில் இருக்கும் சுழிக்குத் தனி மரியாதை எதுவும் இல்லை. ஓர் இரவில் மணிக்கு 2 டிகிரி வீதம் குளிர் ஏறிக்கொண்டே போகிறது என்றால், வெப்பமானி 4, 2, 0, −2 என்று காட்டும். 0 டிகிரியைத் தொட்ட கணத்தில் குளிர்வது நின்றுவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. திசைவேகம் சுழி என்பது ஓர் அளவின் அப்போதைய மதிப்பு. முடுக்கம் என்பது அந்த அளவு எவ்வளவு விரைவாக மாறிக்கொண்டிருக்கிறது என்பது. ஒன்று சுழியானால் மற்றதும் சுழியாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

மறுபக்கமாகவும் யோசிக்கலாம். உச்சியில் திசைவேகம் சுழி, முடுக்கமும் சுழி என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த கணம் பந்தின் திசைவேகம் என்னவாக இருக்கும்? மாற்றுவதற்கு எதுவும் இல்லையே, சுழிதான். அதற்கடுத்த கணமும் சுழிதான். பந்து அங்கேயே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். கீழே வருகிறது என்பதே உச்சியிலும் முடுக்கம் இருந்தது என்பதற்குச் சாட்சி.

சரி, கண்ணுக்கு நிற்பதுபோலத் தெரிகிறதே? தெரியத்தான் செய்யும், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கைபேசியில் விநாடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதியை வைத்துப் பந்தை எடுத்து, ஒவ்வொரு படமாக நகர்த்திப் பாருங்கள். உச்சியிலிருந்து முதல் படத்துக்குள் பந்து இறங்கும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பத்துப் படங்கள் தாண்டினாலும் 8.5 மில்லிமீட்டர்தான். உச்சிக்கு முன் பத்து, பின் பத்து என்று இருபது படங்களில் பந்து ஒரு சென்டிமீட்டருக்குள்ளேயே கிடக்கும். இதைப் பார்த்துவிட்டு "நிற்கிறது" என்று சொல்வதில் தப்பில்லை. ஆனால் அதே வீடியோவில் முப்பதாவது படத்துக்குப் போனால் 7.7 சென்டிமீட்டர். படங்கள் மூன்று மடங்கு, தூரம் ஒன்பது மடங்கு. ஆரம்பத்தில் நின்றதுபோல் தெரிந்த அந்த இடமும் இதே இருமடி விதிக்கு உட்பட்டதுதான். பந்து நிற்கும் நேரம் என்று தனியாக ஒரு துண்டை வெட்டி எடுக்க முடியாது.

இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் ஹிப்பார்க்கஸ் என்ற கிரேக்க வானியலாளர் சொன்ன விளக்கம் இதற்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. எறிந்த கை பந்துக்குள் ஒரு விசையை வைக்கிறது. அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. எடையும் அதுவும் சமமாகும் இடம் உச்சி. பிறகு எடை ஜெயிக்கிறது. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். இளம் வயதில் கலிலியோவே இதைப்போன்ற ஒன்றைத்தான் எழுதிவைத்தார். பின்னால் சாய்தளத்தில் குண்டுகளை உருட்டி, நீர்க் கடிகாரத்தில் நேரம் அளந்த பிறகுதான் அதைக் கைவிட்டார். கையை விட்டுப் பிரிந்தபின் பந்தைக் கையின் விசை எதுவும் தள்ளிக்கொண்டு போவதில்லை. கை கொடுத்தது திசைவேகம், விசை கையோடு முடிந்தது. படம் வரைந்து விசைகளைக் குறிக்கச் சொன்னால் ஏறும் பந்துக்கு மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டுவிடுவோம். அந்த அம்புக்குறிதான் எல்லாத் தொல்லைக்கும் தாய். அதை அழித்துவிட்டால் மிச்சம் கீழ்நோக்கிய எடை ஒன்றுதான், ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும்.

கலிலியோ 1638இல் அச்சில் கொண்டுவந்த ஒற்றைப்படை எண் விதி (விழும் பொருள் அடுத்தடுத்த விநாடிகளில் கடக்கும் தூரங்கள் 1, 3, 5 என்ற விகிதத்தில் இருக்கும் என்பது) இங்கே அழகாகத் தெரியும். 30 மீ/வி வேகத்தில் எறிந்த பந்து முதல் விநாடியில் 25 மீட்டர் ஏறும், அடுத்ததில் 15, அதற்கடுத்ததில் 5. பிறகு 5, 15, 25 என்று இறங்கும். 5ஆல் வகுத்தால் 5, 3, 1, 1, 3, 5. முன்னாலிருந்து படித்தாலும் பின்னாலிருந்து படித்தாலும் ஒன்றுதான். எறிந்த பந்தின் வீடியோவைத் தலைகீழாக ஓடவிட்டால் எது நேர், எது தலைகீழ் என்று உங்களால் சொல்லவே முடியாது.

இனி சமன்பாட்டுக்கு வருவோம். ஒன்றே போதும்:

உயரம் = தொடக்கத் திசைவேகம் × நேரம் − ½ × 10 × நேரம் × நேரம்

மேல்நோக்கிய திசை ப்ளஸ் என்று முதல் வரியிலேயே முடிவுசெய்துவிட்டுக் கடைசி வரி வரைக்கும் அதை மாற்றாதீர்கள். நிறையப் பேர் தடுக்கி விழும் இடம் இதுதான். "கீழே வரும்போது வேகம் கூடுகிறதே, அப்போது முடுக்கம் ப்ளஸ்தானே?" என்று பாதி வழியில் குறியை மாற்றுவார்கள். முடுக்கத்துக்கு முன்னால் இருக்கும் மைனஸ் "வேகம் குறைகிறது" என்று சொல்லவில்லை, "கீழ்நோக்கி" என்று சொல்கிறது. இறங்கும்போது திசைவேகமும் மைனஸ், முடுக்கமும் மைனஸ். ரெண்டும் ஒரே பக்கம் இருப்பதால் வேகம் கூடுகிறது. ஏறும்போது எதிரெதிர்ப் பக்கம், அதனால் குறைகிறது. குறியை மாற்றாமல் விட்டால் சமன்பாடு தானாகவே இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும்.

இப்போது ரெண்டு நேரம் வரும் விஷயம். 20 மீ/வி வேகத்தில் எறிந்த பந்து 15 மீட்டர் உயரத்தில் எப்போது இருக்கும்? 15 = 20 × நேரம் − 5 × நேரம் × நேரம். இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் 1 விநாடி, 3 விநாடி. எது சரி? ரெண்டும் சரி. போகும் வழியில் 1ஆவது விநாடியில் 15 மீட்டரைத் தாண்டுகிறது, திரும்பும் வழியில் 3ஆவது விநாடியில் மறுபடி அதையே தாண்டுகிறது. ரெண்டுக்கும் நட்டநடுவில் 2ஆவது விநாடி, அதுதான் உச்சி. 20 மீட்டருக்குப் போட்டுப் பார்த்தால் ரெண்டு விடையும் ஒட்டிக்கொண்டு 2 என்று ஒன்றே வரும். 25 மீட்டருக்குப் போட்டால் விடையே வராது. வர்க்கமூலத்துக்குள் எதிர்க்குறி எண் வந்து நிற்கும். பந்து அவ்வளவு உயரம் போகவே இல்லை என்று கணிதம் சொல்லும் விதம் அது.

மைனஸ் நேரம் இதைவிடச் சுவாரசியமானது. தரையிலிருந்து 15 மீட்டர் உயரமான மாடியின் விளிம்பில் நின்று பந்தை 10 மீ/வி வேகத்தில் மேலே எறிகிறீர்கள். அது எப்போது தரையில் விழும்? மாடியைச் சுழி என்று வைத்தால் தரை −15. அப்போது −15 = 10 × நேரம் − 5 × நேரம் × நேரம். விடை 3, அல்லது −1. 3ஐ எடுத்துக்கொண்டு −1ஐ அடித்துவிடுவோம். மதிப்பெண்ணுக்கு அது போதும்.

ஆனால் அந்த −1 குப்பை இல்லை. சமன்பாட்டுக்குப் பந்தை யார் எறிந்தார்கள், எங்கிருந்து எறிந்தார்கள் என்பது தெரியாது. "இந்தக் கணத்தில் இந்த இடத்தில் 10 மீ/வி வேகத்தில் ஒரு பந்து மேலே போய்க்கொண்டிருக்கிறது" என்பது மட்டும்தான் தெரியும். அப்படிப்பட்ட பந்து தரைமட்டத்தில் எப்போதெல்லாம் இருக்க முடியும் என்று அது சொல்கிறது: இனி 3 விநாடி கழித்து; அல்லது 1 விநாடிக்கு முன்னால். யாராவது தரையிலிருந்து 1 விநாடிக்கு முன் 20 மீ/வி வேகத்தில் எறிந்திருந்தால், அந்தப் பந்து சரியாக இந்தக் கணத்தில் உங்கள் மாடியை 10 மீ/வி வேகத்தில் கடந்திருக்கும். உங்கள் பந்தும் அதுவும் இதற்குமேல் ஒரே பந்துதான்.

அதே மாடியிலிருந்து அதே 10 மீ/வி வேகத்தில் பந்தைக் கீழ்நோக்கி எறிந்தால் தரையைத் தொட எவ்வளவு நேரமாகும் தெரியுமா? சரியாக 1 விநாடி. நீங்கள் அடித்துப்போட்ட அந்த −1தான் இது. மேலே எறிந்த பந்து 2 விநாடி மேலே போய்ச் சுற்றிவிட்டு, திரும்ப மாடி மட்டத்துக்கு வரும்போது 10 மீ/வி வேகத்தில் கீழே போய்க்கொண்டிருக்கும். அதற்குப் பிறகு கீழே எறிந்த பந்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அதனால்தான் ரெண்டு பந்தும் தரையைத் தொடும்போது ஒரே வேகம், 20 மீ/வி. ஆற்றல் வழியாகப் போட்டால் ஒரே வரியில் முடியும்: 10இன் வர்க்கம் 100, அதோடு 2 × 10 × 15 = 300ஐக் கூட்டினால் 400, அதன் வர்க்கமூலம் 20. எந்தத் திசையில் எறிந்தோம் என்ற கேள்வியே அங்கே எழாது. நேரம் கேட்டால் சமன்பாடு, வேகம் மட்டும் கேட்டால் ஆற்றல் என்று பழகிக்கொண்டால் பாதி வேலை மிச்சம்.

ஏறும் உயரத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். வேகத்தை இருமடங்காக்கினால் காற்றில் இருக்கும் நேரம் இருமடங்கு, உயரம் நான்கு மடங்கு. பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடித்து வித்தை காட்டுபவர்களுக்கு இது உடம்பிலேயே தெரிந்த கணக்கு. கூடுதல் பந்துகளைச் சுற்ற நேரம் வேண்டுமென்றால் உயரத்தை அநியாயத்துக்குக் கூட்ட வேண்டியிருக்கும். நிலாவில் ஈர்ப்பு முடுக்கம் 1.62 மட்டும் என்பதால் அதே வேகத்தில் எறிந்த பந்து ஆறு மடங்கு உயரம் போகும், ஆறு மடங்கு நேரமும் எடுக்கும்.

இன்னொன்று, பாதி நேரம் பந்து எங்கே கழிக்கிறது? மொத்த உயரத்தின் மேல் கால்பகுதியில்! இறங்கும் தூரம் நேரத்தின் வர்க்கத்தோடு போவதால், பாதி நேரத்தில் கால் பங்குதான் இறங்க முடியும். 60 சென்டிமீட்டர் எம்பிக் குதிக்கும் விளையாட்டு வீரர் காற்றில் இருப்பது ஏறத்தாழ 0.7 விநாடி, அதில் பாதியை மேலே உள்ள 15 சென்டிமீட்டருக்குள்ளேயே கழிக்கிறார். அந்தரத்தில் மிதப்பதுபோல் தெரிவதன் ரகசியம் இதுதான்.

ஏற்றமும் இறக்கமும் ஒரே இயக்கம் என்பதைக் காதால் கேட்டால் போதாது, பார்க்க வேண்டும் என்றால் கைபேசியே போதும். அதற்குள் இருக்கும் முடுக்கமானியைக் காட்டும் செயலி ஒன்றை ஓடவிட்டு, மெத்தைக்கு மேல் நின்றுகொண்டு கைபேசியைச் சுழலாமல் மேலே தூக்கிப் போடுங்கள். (சுழன்றால் சுழற்சியின் கணக்கும் சேர்ந்து வரைபடத்தைக் கெடுக்கும். மெத்தை இல்லாமல் செய்யாதீர்கள், சொல்லிவிட்டேன்.) கையில் இருக்கும்வரை 9.8 காட்டும். கை தள்ளும்போது ஒரு மேடு எழும். கையை விட்ட அந்தக் கணமே கோடு சுழிக்கருகில் விழுந்து, மெத்தையில் மோதும்வரை அப்படியே படுத்திருக்கும். உச்சி எங்கே என்று அந்தக் கோட்டில் தேடிப் பாருங்கள், கிடைக்காது. இந்தக் கருவி உண்மையில் அளப்பது தன்னை ஏதாவது தாங்குகிறதா, தள்ளுகிறதா என்பதை. தாங்குவார் யாரும் இல்லாத எடையற்ற நிலை பந்து விழ ஆரம்பிக்கும்போது தொடங்குவதில்லை. ஏறத் தொடங்கும்போதே தொடங்கிவிடுகிறது.

ஜெர்மனியின் பிரெமன் நகரில் 146 மீட்டர் உயரக் கோபுரம் ஒன்று எடையற்ற நிலை ஆய்வுகளுக்காகவே இருக்கிறது. உள்ளே காற்று வெளியேற்றப்பட்ட குழாயில் ஆய்வுப் பெட்டகத்தை மேலிருந்து விழவிட்டால் சுமார் 4.7 விநாடி எடையற்ற நிலை கிடைக்கும். நேரத்தை இருமடங்காக்க நான்கு மடங்கு உயரமான கோபுரம் கட்ட வேண்டும் என்றுதானே கணக்கு வரும்? 2004இல் அவர்கள் செய்தது வேறு. அடியில் ஓர் எறிபொறியை வைத்துப் பெட்டகத்தை மேல்நோக்கி எறிந்தார்கள். அதே கோபுரத்தில் 9.3 விநாடி கிடைத்தது. ஏறும் வழியும் தடையற்ற வீழ்ச்சிதான் என்பதை வைத்தே ஒரு கோபுரத்தை மிச்சப்படுத்திவிட்டார்கள்.

ஈர்ப்பு முடுக்கத்தைத் துல்லியமாக அளக்கவும் மேலே எறிவது உதவுகிறது. இங்கிலாந்தின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஏ. எச். குக் 1967இல் வெளியிட்ட அளவீட்டில், வெற்றிடத்தில் மேலே எறிந்த ஒரு கண்ணாடிக் கோளம் ரெண்டு மட்டங்களை ஏறும்போதும் இறங்கும்போதும் கடந்த நேரங்கள் பதிவாயின. மேல் மட்டத்தைக் கடந்து திரும்ப எவ்வளவு நேரம், கீழ் மட்டத்தைக் கடந்து திரும்ப எவ்வளவு நேரம், ரெண்டுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று தெரிந்தால் போதும். எவ்வளவு வேகத்தில் எறிந்தோம் என்பது தெரியவே வேண்டாம். மேலே சொன்ன "15 மீட்டருக்கு ரெண்டு விடை" சமாச்சாரம்தான் இது, ஆய்வகக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறது.

ஈர்ப்பு மாறாது என்று எடுத்துக்கொண்டோமே, அது எவ்வளவு தூரம் உண்மை? நிலநடுக்கோட்டில் 9.780, துருவத்தில் 9.832. 30 மீட்டர் உயரம் போனால் லட்சத்தில் ஒரு பங்கு குறையும். 10 கிலோமீட்டர் போனாலும் 0.3 சதவீதம்தான். பந்துக்கு இதைப் பற்றிக் கவலை வேண்டாம். பூமி சுழல்வதாலும் ஒரு சின்ன விலகல் உண்டு: நிலநடுக்கோட்டில் 20 மீ/வி வேகத்தில் நேர் மேலே எறிந்தால், கணக்குப்படி பந்து சுமார் 8 மில்லிமீட்டர் மேற்கே தள்ளி விழும். உயரத்திலிருந்து சும்மா விழவிட்ட பொருளோ கிழக்கே விலகும். லேசான காற்று வீசினாலே இதெல்லாம் தொலைந்துபோகும்.

உண்மையான தொல்லை காற்றுதான். ஒரு கிரிக்கெட் பந்தை 30 மீ/வி வேகத்தில் நேர் மேலே அடித்தால் புத்தகக் கணக்குப்படி 46 மீட்டர் போக வேண்டும், ஏற 3.1 விநாடி, இறங்க 3.1 விநாடி. அந்தப் பந்தின் முற்றுத் திசைவேகம் (காற்றின் தடை எடைக்குச் சமமாகி, விழும் வேகம் அதற்குமேல் கூடாமல் நிற்கும் அளவு) ஏறத்தாழ 38 மீ/வி என்று வைத்து, காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுகிறது என்று கணக்கிட்டால் உயரம் 36 மீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. ஏற 2.6 விநாடி, இறங்க 2.8. கைக்கு வரும்போது வேகம் 30 இல்லை, 23.5தான். இறக்கம் ஏன் நீளுகிறது என்பதற்குச் சமன்பாடு வேண்டாம். எந்த மட்டத்தை எடுத்தாலும், அந்த இடத்தை ஏறும்போது கடந்த வேகத்தைவிட இறங்கும்போது கடக்கும் வேகம் குறைவு, நடுவில் காற்று கொஞ்சம் ஆற்றலைத் தின்றுவிட்டது. ஒவ்வொரு மட்டத்திலும் மெதுவாக வந்தால் மொத்த நேரம் கூடத்தானே செய்யும்.

காற்று இருக்கும்போது நம் சமச்சீர் போய்விடுகிறது, முடுக்கமும் மாறத் தொடங்குகிறது. ஏறும்போது எடையும் கீழே இழுக்கிறது, காற்றும் கீழேயே தள்ளுகிறது. அதனால் மட்டையை விட்டுக் கிளம்பும்போது நம் பந்தின் முடுக்கம் கீழ்நோக்கி 16 மீ/வி² அளவுக்கு இருக்கும். இறங்கும்போது காற்று மேல்நோக்கித் தள்ளுவதால் கைக்கு வரும் நேரத்தில் அது 6 அளவுக்குக் குறைந்திருக்கும். காற்றின் தடை இருக்க வேகம் வேண்டும். வேகம் சுழியாகும் இடத்தில் தடையும் சுழி. ஆக, இந்த நிஜப் பந்தின் முழுப் பயணத்திலும் முடுக்கம் சரியாக 9.8 ஆக இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: முடுக்கமே இருக்காது என்று நீங்கள் சந்தேகப்பட்ட அந்த உச்சி.